கூடிப் பாட எழுதிய சங்கீதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் பழைய ஆங்கிலச் சங்கீதப் பாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பைபிளில் உள்ள பாடல்களான தாவீதின் சங்கீதங்களை 16ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ் பாட்டாகக் கட்டியவர்களுக்குக் கவிதையே வரவில்லை, சபையார் வேறு வழியில்லாமல் பாடினார்கள் என்கிறார் கட்டுரையாளர். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி வந்தது தென்னாப்பிரிக்காவுக்கு. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்னச் சபையில் 22 வருஷமாக ஆர்மோனியம் வாசிக்கிறேன். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் ஆராதனையில் இங்கிலீஷ் பாட்டும் உண்டு, தமிழ்க் கீர்த்தனையும் உண்டு. ஒரு பாட்டைப் பத்துப் பேர் கையில் கொடுத்தால் அது நிற்குமா விழுமா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் என்பதால்தான் எழுதுகிறேன்.

அப்படிக் கட்டியவர்களில் ஒருவரான தாமஸ் ஸ்டெர்ன்ஹோல்ட் தொழில்முறைப் புலவர் கிடையாது. எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட் இருவர் காலத்திலும் அரண்மனையில் ராஜாவின் உடுப்புகளைக் கவனித்த ஊழியர். அவர் 1549ல் இறந்துபோனார். அதே வருஷம் அவர் கட்டிய 37 சங்கீதங்களும், ஜான் ஹாப்கின்ஸ் கட்டிய ஏழும் ஒரே புத்தகமாக வந்தன. கத்தோலிக்கரான மேரி ராணி காலத்தில் ஜெனீவாவுக்குத் தப்பிப்போன புராட்டஸ்டண்ட் ஆங்கிலேயர்கள் அங்கே இருந்துகொண்டு மேலும் சேர்த்தார்கள். 150 சங்கீதங்களும் முழுசாக, ராகக் குறிப்போடு, 1562ல் லண்டனில் ஜான் டே என்பவர் அச்சிட்டார். அப்புறம் நூற்றுக்கணக்கான பதிப்புகள். பைபிளோடும் ஜெபப் புத்தகத்தோடும் சேர்த்து பைண்ட் பண்ணி வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள்.

கட்டுரையாளர் கேலி செய்த முதல் சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். 'தி மேன் இஸ் ப்ளெஸ்ட் தட் ஹேத் நாட் பென்ட், டு விக்கெட் ரீட் ஹிஸ் இயர்' என்று ஆரம்பிக்கிறது. துன்மார்க்கருடைய ஆலோசனைக்குக் காது கொடுக்காதவன் பாக்கியவான் என்று அர்த்தம். 'ரீட்' என்றால் அந்தக் காலத்து இங்கிலீஷில் ஆலோசனை. விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். முதல் வரியில் எட்டு ஒலித்துண்டு, அடுத்ததில் ஆறு, மறுபடி எட்டு, மறுபடி ஆறு. (நம் நேரசை, நிரையசைக் கணக்கு வேறு. இங்கே எண்ணுவது வாயில் தனித்தனியாக விழுகிற ஓசையை மட்டும்தான்.) ஸ்டெர்ன்ஹோல்ட் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது இந்த ஒரே அளவைத்தான். அதனால் ஒரு மெட்டு தெரிந்தவனுக்கு அந்த அளவில் உள்ள அத்தனை சங்கீதமும் பாட வரும். நம் கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே, தெரிந்த எந்தப் பாட்டின் மெட்டில் பாடலாம் என்று 'வர்ணமெட்டு' போட்டிருக்குமே, அதே வசதி.

வரி இடிக்கிறது என்கிறார். இடிக்கத்தான் செய்கிறது. 'ஹிஸ் இயர்' என்பதை வரிக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார். ஏன் தள்ளினார்? நாலாவது வரி, பரியாசக்காரர் உட்காரும் இடத்தைச் சொல்லி, 'சேர்' என்று முடிகிறது. இரண்டாம் வரியும் நாலாம் வரியும் இயைபாக முடிந்தால், படிக்கத் தெரியாதவனுக்கு முன்னது பின்னதை இழுத்துக்கொண்டு வரும். நமக்கு எதுகை வரியின் முன்னால் நின்று கைகொடுக்கும், அவர்களுக்குக் கடைசியில். அந்தப் பிடி இல்லாமல் அத்தனை வரியை யார் மனப்பாடம் பண்ணுவார்கள்?

ஜனங்கள் வேறு வழியில்லாமல் பாடினார்கள் என்றதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. ஜான் ஜூவல் என்ற ஆங்கிலேய ஆயர் 1560ல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. லண்டனில் பால்ஸ் கிராஸ் என்ற இடத்தில் பிரசங்கம் முடிந்ததும் சில வேளை 6,000 பேர், கிழவர் பிள்ளைகள் ஆண் பெண் எல்லாரும் ஒன்றாகப் பாடுகிறார்கள் என்று சந்தோஷமாக எழுதுகிறார். கொஞ்ச காலம் முன்வரை ஆராதனையில் பாதிரிமாரும் பாடகர் குழுவும் லத்தீனில் பாட, கேட்டுக்கொண்டு நின்ற ஜனங்கள் அவர்கள். தன் பாஷையில் தன் வாயாலேயே பாடக் கிடைத்தபோது விட்டுவிடுவார்களா?

எழுத்து தெரியாதவர்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு வரியை வாசிப்பார், சபை அதைப் பாடும். அடுத்த வரி, மறுபடி பாட்டு. 1645ல் ஆங்கிலப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட ஆராதனைக் கையேட்டிலேயே, வாசிக்கத் தெரியாதவர் நிறைய இருக்கிற சபையில் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறது. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு என் மாமியார்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அத்தை பிறந்தது டொங்காட் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து பாரக்ஸில். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்ததிலிருந்து ஒப்பந்தத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்த காலத்தில் அவர் தாத்தாவும் வந்து இறங்கியவர். ஞாயிறு சாயங்காலம் பாரக்ஸில் கூடுவார்களாம். இருந்தது ஒரே ஒரு தமிழ்ப் பாட்டுப் புத்தகம், வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு பெரியவர். மண்ணெண்ணெய் விளக்கைக் கிட்டே பிடித்துக்கொண்டு அவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் பாட, அத்தை அப்படியே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். தமிழ் எழுத்து கடைசி வரை தெரியாது. பிற்பாடு பாடியதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்தார். மூச்சு வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் சின்னக் கோடு. ழகரம் வரும் இடத்தில் எல் எழுதி, அதை அடித்து, ஆர் எழுதி, அதையும் அடித்து, மறுபடி எல் எழுதியிருப்பார்.

சில வருஷம் முன்னால் ஊரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, மேடையிலிருந்தே சிரித்தார். 'இது எந்த ஊர்த் தமிழ்?' என்று கேட்டார். சபையும் கூடச் சிரித்தது. அத்தை அன்றைக்கு நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தவர், ஆராதனை முடிகிறவரை திறக்கவில்லை. அதற்கப்புறம் சபையில் அவர் குரல் எனக்குக் கேட்டதே இல்லை, உதடு மட்டும் அசையும். உங்கள் கட்டுரையைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் என் காதில் விழுந்தது.

தமிழில் தரமான பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் பாடிய வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் சபைப் பாட்டைத் தாளில் வைத்து மார்க் போடுவது அநியாயம். வில்லியம் கீத் கட்டிய 100ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், 'ஆல் பீப்பிள் தட் ஆன் எர்த் டூ ட்வெல்' என்று ஆரம்பிப்பது. தாளில் அது சாதாரண நாலு வரி. 1551ல் ஜெனீவாவில் வந்த மெட்டில் அதை வாசிக்க ஆரம்பித்தால் எங்கள் சபையில் பின் பெஞ்சுப் பையன்கூட வாய் திறக்கிறான். அமெரிக்காவில் குடியேறியவர்கள் 1640ல் தாங்களே ஒரு சங்கீதப் புத்தகம் அச்சிட்டார்கள். கடவுளின் பலிபீடத்துக்கு நம்முடைய மெருகு தேவையில்லை என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார்கள். தங்கள் வரிகள் கரடுமுரடானவை என்று அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

கட்டுரையாளர் அந்தச் சங்கீதங்களைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், எழுதும் முன் ஒரு தடவை நாலு பேரோடு உட்கார்ந்து பாடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வாசகர்களிடமும் ஒரு உதவி வேண்டும். அத்தை போய் மூன்று வருஷமாகிறது. நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் 23ஆம் சங்கீதத்தைக் கீர்த்தனையாக்கிய பாட்டு ஒன்று உண்டு. எந்த அச்சுப் புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. பல்லவியும் முதல் சரணமும் முழுசாக இருக்கின்றன. இரண்டாம் சரணம் 'எண்ணெயால் என்' என்ற இடத்தோடு தாள் கிழிந்து நிற்கிறது. மீதி வரிகள் தெரிந்தவர்கள் யாராவது உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.