மணியின் இரவுத் தும்மல் குறித்துக் கயல்விழிக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் காக்டெயில் கிளி மணி தும்முவதை நீ எடுத்து அனுப்பிய காணொளியை அப்பாவும் நானும் பார்த்தோம். தொலைபேசியில் அவசரமாகச் சொன்னால் பாதி விடுபட்டுப் போகும் என்பதால் எழுதுகிறேன்.

காக்டெயில் கிளி தும்முவதெல்லாம் நோய் அல்ல. இறகைக் கோதி முடித்ததும் ஈரமில்லாமல் ஓரிரு முறை 'ச்சிக்' என்று தும்முவது, மூக்கில் சேர்ந்த தூசியை அது வெளியேற்றும் இயல்பான வழி. ஆனால் மணி பகல் முழுவதும் நன்றாக இருந்துவிட்டு, விளக்கை அணைத்துக் கூண்டைத் துணியால் மூடிய பிறகுதான் விட்டுவிட்டுத் தும்முகிறது என்கிறாய். கிருமியால் வரும் சளி பெரும்பாலும் பொழுது பார்த்து வருவதில்லை. ஆகவே மருந்தைத் தேடும் முன், இரவானதும் அந்த அறையில் என்னென்ன மாறுகின்றன என்பதைத் தேடு.

அதற்கும் முன்பாக, நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் அதன் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார். அலகுக்கு மேலே உள்ள இரண்டு மூக்குத் துளைகளும் ஒரே அளவில், உலர்ந்து, திறந்திருக்க வேண்டும். ஒன்று அடைத்திருந்தாலோ, துளைக்கு மேலுள்ள சிறு இறகுகள் நனைந்து ஒட்டிக் கறைபட்டிருந்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தாலோ, காரணம் அறைக்காற்று மட்டுமல்ல என்று பொருள். பறவைக்கு மூக்கோடு இணைந்த சைனஸ் அறை கண்ணைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, அலகைத் திறந்து மூச்சு விடுவது, குரல் மாறுவது, பகலிலும் இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே பறவை மருத்துவரிடம் கொண்டு போ. பறவைக்கு நம்மைப் போல, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை கிடையாது. நுரையீரலோடு உடல் முழுவதும் பரவிய 9 காற்றுப் பைகளைக் கொண்டு அது மூச்சு விடுகிறது. மூக்கில் தொடங்கியது அந்தப் பைகளுக்கு இறங்கிவிட்டால் குணப்படுத்துவது கடினம். அதோடு, தன் நோயைக் கடைசிவரை மறைத்துக்கொள்வது பறவையின் இயல்பு. அதனால்தான் தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், கிராம் காட்டும் சமையலறைத் தராசில் அதை நிறுத்தி எழுதி வை என்கிறேன். 90 கிராம் இருந்த பறவை 81க்கு இறங்கிவிட்டால், அது எவ்வளவு உற்சாகமாகத் தெரிந்தாலும் நம்பாதே.

இவை எதுவும் இல்லையென்றால் அறைக்கு வருவோம். என் முதல் சந்தேகம் நீ இருக்கும் கனடாவின் கால்கரி நகரத்துக் குளிர்காலக் காற்றின் மீதுதான். உறைபனியில் இருக்கும் வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதையே உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது அது இன்னும் வறண்டுவிடுகிறது. மூக்கின் உட்சவ்வு உலர்ந்தால் தூசி வழுக்கி வெளியேறாமல் அங்கேயே உறுத்திக்கொண்டிருக்கும். காணொளியில் மணியின் கூண்டுக்கு நேர் கீழே தரையில் வெப்பக்காற்று வரும் கம்பித் தட்டு தெரிகிறது. இரவில் குளிர் கூடக் கூட ஹீட்டர் அடிக்கடி ஓடும். ஓடும்போதெல்லாம் அந்த வறண்ட காற்று கூண்டின் அடித்தட்டில் கிடக்கும் உமியையும் தூளையும் கிளப்பி நேராக அதன் முகத்தில் வீசும். முதல் வேலையாகக் கூண்டை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்து. ஜன்னலை ஒட்டி வைத்துவிடாதே, அங்கே குளிர் இறங்கும். ஹீட்டரின் வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேள். ஈரப்பதமானி ஒன்று வாங்கிக் கூண்டின் உயரத்தில் மாட்டி, இரவில் என்ன காட்டுகிறது என்று பார். 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. கடுங்குளிரில் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து உறைந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள், சுவரில் பூஞ்சை பிடித்தால் அதுவே பறவைக்குப் பகையாகும். ஈரமூட்டி வைப்பதானால் தினமும் தண்ணீரை மாற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வை. அழுக்கு ஈரமூட்டியை வைப்பதைவிட அது இல்லாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது, அதன் சொந்தத் தூள். கொண்டைக்கிளிக் குடும்பத்துப் பறவைகளுக்கு உடலில் ஒருவகை மென்தூவி உண்டு. அது உதிர்ந்து வெள்ளைப் பொடியாகிக்கொண்டே இருக்கும். நீ கறுப்பு மேசையில் துடைத்துத் துடைத்து அலுத்துக்கொள்கிறாயே, அதே பொடிதான். கூண்டைப் போர்த்தும் துணியின் உட்புறத்தை வெளிச்சத்தில் உதறிப் பார், எவ்வளவு பறக்கிறது என்று உனக்கே தெரியும். போர்த்தியதும் அந்தப் பொடியெல்லாம் சிறு இடத்துக்குள் அடைபட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, காக்டெயில் கிளிகள் இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும் பழக்கம் உடையவை. அப்படி அடித்துக்கொண்டால் அடித்தட்டுத் தூசி முழுவதும் எழும்பும். காணொளியில் முதல் தும்மலுக்குச் சற்று முன் சிறகடிக்கும் ஓசை கேட்கிறது. மெல்லிய பருத்தித் துணியாக மாற்றி, வாசனை இல்லாத சோப்பில் வாரம் ஒருமுறை துவைத்து, ஒரு பக்கத்தைத் திறந்தே விடு. மங்கலான ஒரு சிறு விளக்கும் எரியட்டும். அடித்தட்டில் மரத்தூள் வேண்டாம், காகிதம் போதும், அதையும் மாலையிலேயே மாற்றிவிடு. வாரத்தில் சில நாள் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பனிபோலத் தெளித்துக் குளிக்க விட்டால் பொடி அடங்கும். இரவுக்குள் அது முழுக்க உலர்ந்துவிட வேண்டும் என்பதால் மாலையில் குளிப்பாட்டாதே.

நீ வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாய். மிளகாய் தாளித்தால் நமக்கே நெடி ஏறுகிறது, அந்தச் சின்ன மூக்குக்கு எப்படி இருக்கும்? வாசனை மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாவற்றையும் மணி இருக்கும் தளத்தில் நிறுத்திவிடு. சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். நான்ஸ்டிக் சட்டியை மட்டும் வீட்டை விட்டே அனுப்பு. அதன் டெஃப்லான் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, தும்மல் வரும் அவகாசம்கூடத் தராமல் கிளியைக் கொன்றுவிடும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகவும் ஓசோன் வெளியிடாததாகவும் பார்த்து வாங்கு.

உணவையும் சொல்ல வேண்டும். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்று வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்துபோகும். குறைந்தால் மூக்கின் உட்சவ்வு தடித்து, உலர்ந்த செல்கள் அங்கே அடைத்துக்கொண்டு, கிருமிக்கு வழிவிடும். துருவிய கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. வைட்டமின் சொட்டு மருந்தை நீயாக ஊற்றிவிடாதே. அளவு மீறினால் அதுவும் கேடுதான். பூஞ்சை வாடை அடிக்கும் விதையையும் தோலோடு உள்ள வேர்க்கடலையையும் தூக்கி எறி.

பெரியம்மா உனக்குச் சொன்ன சின்ன வெங்காயமும் பூண்டும் வேண்டாம். ஊரில் கோழிக்குச் சளி என்றால் அவற்றைத் தட்டிக் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் அவை பறவையின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியவை. தைலம் போட்ட ஆவி, மூக்கில் எண்ணெய், நம் சளி மாத்திரையில் ஒரு துணுக்கு, எதுவும் கூடாது.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, இரண்டு மூன்று இரவுகள் கவனித்துக் குறித்து வை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எதனால் நின்றது என்றே தெரியாது. ஒரு வாரத்தில் குறையவில்லையென்றால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், மருத்துவரைப் பார். வாயின் மேலண்ணத்தில் உள்ள பிளவிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ் உண்டா என்றும் பார்க்கச் சொல். இருந்தால் டாக்சிசைக்ளின் மருந்தைப் பெரும்பாலும் 45 நாள் வரை கொடுக்கச் சொல்வார்கள். தும்மல் நின்றதும் இடையில் நிறுத்திவிடக் கூடாது.

அந்த நோய் மனிதருக்கும் தொற்றும் கயல். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ வறட்டு இருமல் இருமிக்கொண்டே இருந்தாய். வறண்ட காற்று என்று நீ சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் காய்ச்சலோ, தலைவலியோ, உடல்வலியோ சேர்ந்தால் தாமதிக்காமல் உன் மருத்துவரிடம் போ. வீட்டில் கிளி வளர்க்கிறேன் என்பதை நீயாகவே வாயைத் திறந்து சொல். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணம் வராமலே போகலாம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொள். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைத்தெடு.

நாளைக் காலை மணியின் எடையையும், இரவில் ஈரப்பதமானி காட்டும் அளவையும் எனக்கு அனுப்பு. மூக்குத் துளைகளைக் கிட்டத்தில் ஒரு படமும் எடு. உனக்கு இருமல் எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா