நள்ளிரவுக் கிண்ணத்துக்கு உறைந்த உணவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பற்கள் போய்விட்டதால் உன் பூனைக்கு ஈர உணவு மட்டுமே ஆகிறது என்றும், விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தி உன்னை எழுப்பிவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். உணவை உறையவைத்து, குறித்த நேரத்தில் மூடி தானே திறக்கும் தானியங்கி ஃபீடரில் வைத்துவிட்டுத் தூங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தூங்கலாம். நானும் ஆறு மாதமாக அப்படித்தான் செய்கிறேன். ஆனால் முதல் இரண்டு வாரம் நான் செய்தது தவறு.

கட்டியாக உறைந்த உணவு இரவெல்லாம் குளிர்ச்சியாகவே இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் உறக்கம் வராமல் எழுந்து, ஃபீடரின் மூடியைத் திறந்து, சமையல் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். நடுவில் இன்னும் பனிக்கட்டியாகவே இருந்தது. உருகி வழிந்து கிண்ணத்தின் ஓரத்தில் தேங்கியிருந்த குழம்போ 19 டிகிரி காட்டியது. கட்டி வெளிப்புறத்திலிருந்துதான் உருகுகிறது என்பதால், நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே ஓரம் அறையின் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகும். தோதான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிவிடும். அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேலும், வெயில் கடுமையாகி 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் 1 மணி நேரத்துக்கு மேலும் இப்படிப்பட்ட உணவை வைத்திருக்கக் கூடாது. அந்தக் கணக்கை, கட்டி முழுவதும் கரைந்த நேரத்திலிருந்து அல்ல, ஓரம் குளிர் விட்ட நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள். ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் வேலையை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மூன்று நாள் ஃபிரிட்ஜில் கிடந்த மிச்சத்தை உறையவைக்காதே. டின்னைத் திறந்த உடனே பங்கிட்டு உறையவைத்துவிடு. டின்னோடு வைக்கவும் வேண்டாம். நான் ஒரு வேளைக்கான அளவை அகலமான சிலிக்கான் அச்சில் விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, மைனஸ் 18 டிகிரியில் இறுகியதும் காற்றுப் புகாத பைக்கு மாற்றித் தேதி எழுதிவிடுகிறேன். கனமான கட்டி மூன்று மணிக்கும் கரையாமல் நிற்கும், பூனை நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும். துண்டும் குழம்புமான வகை உருகும்போது நீர் பிரிந்து சப்பென்றாகிறது. மைய அரைத்த வகை அப்படிக் கெடுவதில்லை, பல்லில்லாத உன் பூனைக்கும் அதுவே ஏற்றது.

ஐஸ் பேக் வைக்கும் குழி உள்ள ஃபீடராகப் பார்த்து வாங்கு. இரண்டு பேக்குகளை ஒரு நாள் முழுவதும் ஃப்ரீசரில் வைத்து, பதினொரு மணிக்குக் கிண்ணத்தின் அடியில் பொருத்தி, தட்டையான கட்டியை மேலே வைத்து மூடுகிறேன். இந்த முறையில் மூன்று மணிக்கு அளந்தபோது நடுவில் 1 டிகிரியும் ஓரத்தில் 4 டிகிரியும் இருந்தன. உன் அறையும் உன் ஃபீடரும் வேறு. ஆகவே பூனைக்கு வைப்பதற்கு முன் இரண்டு இரவு நீயே விழித்திருந்து அளந்து பார். அந்தச் சிரமத்தைத் தயவுசெய்து தவிர்க்காதே.

மூடி திறந்த பிறகு குளிர் நிற்காது என்பதால், ஒரே மூச்சில் தின்று முடிக்கும் அளவே வை. காலையில் மிச்சமிருந்தால் கொட்டிவிடு. உருகியதை மறுபடி உறையவைக்காதே. கிண்ணத்தைத் தினமும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவு. குளிர்ந்த உணவுக்கு மணம் குறைவு, அதனால் சில பூனைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உன் வயதான பூனை அப்படி மறுத்தால் பசிக்கட்டும் என்று விட்டுவிடாதே. ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டாலே மருத்துவரிடம் காட்டு, பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

அளந்து பார்த்த இரவில் ஓரத்தில் எத்தனை டிகிரி இருந்தது என்று மறக்காமல் எழுது. 4 டிகிரிக்கு மேல் போயிருந்தால், கட்டியின் கனத்தையும் நீ மூடிவைத்த நேரத்தையும் சேர்த்து எழுது, இருவருமாக யோசிப்போம்.

அன்புடன்,
உன் பழைய தோழி