பூத் ஏஜென்ட் அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே தண்டையார்பேட்டையில் எல்லோரும் நலம். சர்வாதிகாரி வைக்கிற வாக்கெடுப்பில் கலந்துகொண்டால் அவனை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று போனில் சொன்னாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. தென் அமெரிக்காவில் இருக்கிற சிலி நாட்டில் நடந்ததைப் பார்.

1973 செப்டம்பர் 11-இல் அங்கே ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்தார். பழைய வாக்காளர் பட்டியலை எரித்துவிட்டார்கள். அவர் கொண்டுவந்த 1980 அரசியல் சட்டப்படியே 1988-இல் வாக்கெடுப்பு வந்தது. இன்னும் 8 ஆண்டு அவர் நீடிக்கலாமா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான் கேள்வி. கம்யூனிஸ்ட் கட்சி முதலில் அதை மோசடி என்றது. ஆட்களைக் காணாமல் போக்கிய ஆட்சி, சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனாலும் 1987-இல் வாக்காளர் பதிவு தொடங்கியதும் எதிர்க்கட்சிக்காரர்கள் பயந்துகிடந்த ஜனங்களிடம் பேசிப் பேசிப் பெயர் சேர்க்க வைத்தார்கள். 1973-இல் எதிரெதிராக நின்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சோஷலிஸ்டுகளும் ஒரே கூட்டணிக்கு வந்தார்கள். 'இல்லை' பக்கத்துக்கு டிவியில் ராத்திரி 15 நிமிடம் கிடைத்தது. பட்ட கொடுமையோடு நிறுத்தாமல், வானவில்லைச் சின்னமாக வைத்து, வரப்போகும் நல்ல நாளையும் காட்டினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கைதான். வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தை வாங்காமல் நான் பூத்தை விட்டுக் கிளம்பமாட்டேன் என்று உனக்குத் தெரியும். எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கு நம் கையில் இருந்தால்தான் நாளைக்குக் கேள்வி கேட்க முடியும். சிலியிலும் எதிர்க்கட்சிகள் சாவடிகளில் ஆள் போட்டு, முடிவுகளை வாங்கித் தாங்களே தனியாகக் கூட்டினார்கள். அக்டோபர் 5 ராத்திரி, 'ஆம்' முந்துகிறது என்று சொல்லிவிட்டு அரசு முடிவை இழுத்தடித்தது. எதிர்க்கட்சிகளிடம் கணக்கு தயாராக இருந்தது. நள்ளிரவு தாண்டி, விமானப்படைத் தளபதி மத்தேய் ஜனாதிபதி மாளிகைக்குள் போகும்போதே, 'இல்லை' ஜெயித்துவிட்டது என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். சுமார் 56 சதவீதம். அப்புறம் 1989 டிசம்பர் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணியின் எய்ல்வின் ஜெயித்து, 1990 மார்ச்சில் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். பினோசெட் 1998 வரை ராணுவத் தளபதியாகவே இருந்தது எனக்கும் கசக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி முடியாது. பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய நம் ஜனங்களைக் கேள். அங்கே 1990-இல் ஆங் சான் சூகியின் கட்சி பெரிய அளவில் ஜெயித்தும் ராணுவம் ஆட்சியை விடவில்லை. கணக்கு சரியாக இருந்தும், அதை ஒப்புக்கொள்ள உள்ளே ஒரு தளபதி முன்வரவில்லை. இதை வைத்து நீ என்னோடு வாதாடு, கேட்கிறேன். பூத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா