வரி அல்லாத அந்த ஒரு வரி

விமான நிறுவனங்களில் மைல் திட்டங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். விமானத்தில் பறந்தாலும் கார்டில் செலவழித்தாலும் புள்ளிகளாகக் கிடைக்கும் மைல்களை 6 வருடங்களாகச் சேர்த்தேன். அவற்றை வைத்து அம்மா, அப்பாவை ஒரு நீண்ட பயணம் கூட்டிப் போக நினைத்தேன். தேதியை முன்னே பின்னே தள்ளித் தள்ளிப் பல இரவுகள் தேடியதில், ஒரே விமானத்தில், பணத்துக்குப் பதில் மைல்களைக் கொடுத்து எடுக்கும் ரிவார்டு சீட் 3 கிடைத்தது. கணக்கில் இருந்த மைல்களும் போதுமாக இருந்தன. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் நிரப்பி முடித்த பிறகு வந்த கடைசிப் பக்கத்தில்தான் ‘வரிகளும் கட்டணங்களும்’ என்று ஒரு தொகை தெரிந்தது. அதே விமானத்துக்குப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பார்த்தேன். அந்த விலையில் பாதிக்கும் மேல் இருந்தது இந்தத் தொகை.

பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. தொட்டதும் 9 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் விரிந்தது. பயணி சேவைக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், விமான நிலையக் கட்டணம் என்று முதல் 8 வரிகளிலும் சின்னச் சின்னத் தொகைகள். ஒன்பதாவது வரியில் ‘நிறுவனம் விதிக்கும் கட்டணம்’. மேலே உள்ள எட்டையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகவில்லை. அந்த ஒன்பதாவது வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

அரசு வரிக்காக உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. அதை எங்களிடம் வாங்கி அரசிடம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் 1994-இல் வந்த விமானப் பயணி வரி ரிவார்டு டிக்கெட்டுக்கும் உண்டு, உயர் வகுப்பில் போனால் இன்னும் அதிகம். அதைக் குறைக்கச் சொல்ல வேண்டிய இடம் வேறு. அங்கேயும் கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கிறார்கள்: சாதாரண வகுப்பில் போகும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 2015-இலும், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2016-இலும் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த ஒன்பதாவது வரியின் பணம், டிக்கெட்டில் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறியீட்டில் வருவது, எந்த அரசுக்கும் போவதில்லை. உங்கள் கல்லாவுக்குத்தான் வருகிறது. அதை ‘வரிகளும் கட்டணங்களும்’ என்ற தலைப்புக்கு அடியில் போடும்போது, அரசு கேட்கிறது போல, நாம் என்ன செய்வது என்றுதான் பயணி நினைத்துக்கொள்கிறார். எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

தொடக்கத்தில் இதற்கு எரிபொருள் சர்சார்ஜ், அதாவது எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம் என்று பெயர். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது நாங்களும் புரிந்துகொண்டோம். 2016 ஜனவரியில் அதே எண்ணெய் 30 டாலருக்கும் கீழே போனது. ஜப்பானிய நிறுவனங்கள் சிங்கப்பூர் விமான எரிபொருள் விலையைப் பார்த்து 2 மாதத்துக்கு ஒருமுறை சர்சார்ஜை மாற்றுகின்றன. அந்த வருடம் ஏப்ரலில் அதைப் பூஜ்யமாகவே ஆக்கின. அது நியாயம். உங்களில் வேறு பலரோ ‘எரிபொருள்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டணத்தை வைத்துக்கொண்டீர்கள். ரிவார்டு டிக்கெட்டில் வாங்கிய சர்சார்ஜுக்கும் எரிபொருள் விலைக்கும் சம்பந்தமில்லை என்று பயணிகள் அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மேல் 2012-இல் வழக்குப் போட்டார்கள். அது 2018-இல் சமரசத்தில் முடிந்தது. பணமாகவோ மைல்களாகவோ ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

ரிவார்டு டிக்கெட் இலவசம்தானே, கொஞ்சம் பணம் கட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது இலவசம் இல்லை. நாங்கள் கார்டில் செலவழிக்கும்போது வங்கி உங்களிடம் மைல்களைக் காசு கொடுத்து வாங்கித்தான் எங்களுக்குத் தருகிறது. அந்தக் காசு எங்கள் சீட்டுக்காக முன்கூட்டியே உங்கள் கைக்கு வந்துவிட்டது. மைல்களின் மதிப்பு உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? பெருந்தொற்றில் விமானங்கள் தரையில் நின்றபோது, 2020-இல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை அடகு வைத்து 6.8 பில்லியன் டாலர் திரட்டியது. 2021-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே வழியில் 10 பில்லியன் திரட்டியது. கடன் கொடுப்பவர் முன்னால் அது பொன். நாங்கள் கொண்டு வந்து நீட்டினால் மட்டும் பாதி விலைக்குத்தான் செல்லுமா?

இந்தக் கட்டணத்தைக் கைவிட்டால் நிறுவனம் தாங்காது என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்சில் தன் சொந்த விமானங்களின் ரிவார்டு டிக்கெட்டில் எரிபொருள் சர்சார்ஜை எடுத்துவிட்டது. கூடவே இணையத்தில் டிக்கெட் எடுத்தால் கிடைத்த 15 சதவீத மைல் தள்ளுபடியையும் நிறுத்தியது. ஏர் கனடா 2020 நவம்பரில் ஏரோபிளான் என்ற தன் மைல் திட்டத்தை மாற்றியபோது தன் விமானங்களிலும் கூட்டாளி விமானங்களிலும் சர்சார்ஜைக் கைவிட்டது. அதற்குப் பதில் டிக்கெட்டுக்கு வேண்டிய மைல் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 50,000 வேண்டும் என்றால் 50,000 சேர்ப்பேன், 60,000 என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பேன். சேர்த்து முடித்த பிறகு, அதுவரை கண்ணில் காட்டாத ஒரு தொகையை நீட்டுவதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். உங்கள் சொந்த விமானங்களில் ரிவார்டு டிக்கெட் எடுப்பவரிடம் இந்தக் கட்டணத்தை வாங்காதீர்கள். கூட்டாளி நிறுவனம் கேட்கிறது என்றால், அதையும் மைல்களாகவே கட்ட வழி செய்யுங்கள். இது முடிவாகும் வரை ஒன்றையாவது உடனே செய்யலாம்: தேடும்போதே, முதல் பக்கத்திலேயே, மைல்களுக்குப் பக்கத்தில் அரசு வரி இவ்வளவு, எங்கள் கட்டணம் இவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

அன்றிரவு அந்தக் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டேன். அப்புறம் வேறொரு நிறுவனத்தில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கித்தான் மூவரும் போய் வந்தோம். ஒரு பங்கு மைல் அதற்குள் காலாவதியாகிவிட்டது. மீதி இன்னும் கணக்கில் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னொரு முறை போக ஆசை. அடுத்த முறை தேடும்போது அந்த அம்புக்குறியைத் தொட்டால் எட்டு வரிகள் மட்டும் விரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பயணி