சிங்கராயர் பேரும் மூன்று நாள் கூலியும்

பாகான் செராய், மலேசியா
5.11.2025

அன்புள்ள மச்சான்,

மரியே வாழ்க. உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் கைக்கு வந்தது. கடையில் முறுக்கு, அதிரசம் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்ததால் பதில் எழுத இத்தனை நாள். முட்டி வலி எப்படி இருக்கிறது? கிள்ளானில் நல்ல டாக்டருக்கா பஞ்சம், போய்க் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி கொளுத்தினோம். காற்றில் நாலு தடவை அணைந்தது. உங்க ஆத்தா கல்லறைக்கும் என் வீட்டுக்காரி பூ வைத்துவிட்டாள். வழக்கம் போல அதற்குக் காசு அனுப்பி என்னிடம் திட்டு வாங்காதே.

பேரப்பிள்ளைகளை நிற்க வைத்து அங்கே ஒரு கதை சொல்வேனே, உனக்கும் மனப்பாடம்தான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலையில் மழை பிடித்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் பிடிக்கும் மங்குக்கு வராமல் மரத்தோடு வழிந்துவிடும். பெரட்டை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தை, கலைத்து அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குக் கூலி கிடையாது. அப்பா லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் ஜெபமாலையும் கையுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த வருசம் கதையை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பக்கத்தில் வீட்டுக்காரி நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மே மாதம் புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுத்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? கடையைச் சாத்திவிட்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டபடி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்ம பினாங்கு கார்டினல் செபஸ்தியான் பிரான்சிஸும் ஓட்டுப் போட்ட அந்த 133 பேரில் ஒருத்தர் அல்லவா, ‘நம்ம ஆளே வந்துட்டா?’ என்று நீ வாட்ஸ்அப்பில் போட்டாய். இங்கே நள்ளிரவு தாண்டித்தான் வெள்ளைப் புகை வந்தது. பெயர் தெரிய ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பதினான்காம் லியோ என்றார்கள். லியோ என்றால் நம் ஆட்களுக்குச் சிங்கராயர். நம் லயத்தில் மட்டும் மூணு சிங்கராயர் இருந்தார்களே, நெட்டை, குட்டை, தண்ணிப் பார்ட்டி! அன்றைக்கு அதைச் சொல்லித்தான் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கார்டினல்களிடம் காரணம் சொன்னார். 1891-இல் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பிரச்சினை பற்றி எழுதிய சுற்றுமடலை நினைத்துத்தான் இந்தப் பெயராம். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து வேலையையும் மனுசனையும் புரட்டிப் போடுகிறது, மறுபடியும் அந்தப் பேச்சுக்கு வேளை வந்துவிட்டது என்றார். (இலை போட்டுச் சாம்பார் ஊற்ற இன்னும் ரோபோ வரவில்லை. வந்தால் வீட்டுக்காரி அதையும் திட்டுவாள்.) மகள் அந்த மடலைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். சிக்கனமாக வாழும் தொழிலாளி ஒருத்தன் பிழைக்கப் போதாத கூலி நியாயமான கூலியே இல்லை என்று இருக்கிறது. பிடித்து வைத்த கூலி கடவுளைப் பார்த்துக் கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியதையும் எடுத்துப் போட்டிருக்கிறார்.

1891-இல் நம் ஊர் இருக்கும் இந்தக் கிரியான் மாவட்டத்துப் பக்கம் எல்லாம் கரும்புத் தோட்டம் மச்சான். ரப்பர், செம்பனை எல்லாம் பிறகு. ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய நம் ஆட்கள் அந்தக் கரும்புக் காட்டில்தான் கிடந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறையே 1910-இல்தான் ஒழிந்தது. ரோமில் ஒருத்தர் உங்கள் கூலியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று அவர்களுக்கு யார் படித்துச் சொல்லியிருப்பார்கள்? அப்பாவுக்கும் யாரும் சொன்னதில்லை. எனக்கு இது பெரிய மனத்தாங்கலாக இருந்தது. கோவில் அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) எழுந்து இதைப் பேசவே பேசினேன், எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆகஸ்டு முதல் தேதி வந்தது. 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம், ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் என் போன்ற கடைகளுக்கும் கட்டாயம் ஆனது. என்னிடம் இரண்டே பேர்: ராமநாதபுரத்துத் தம்பி, பாத்திரம் கழுவும் அக்கா. அதுவரை 1,500. மாசம் 400 வெள்ளி கூட. அரிசி விலை, எண்ணெய் விலை, கடை வாடகை என்று ஒரு வாரம் வீட்டில் புலம்பினேன். அரசாங்கத்தை ஒரு பாடு திட்டினேன்.

வீட்டுக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: “மழை பெஞ்சா மாமாவுக்குக் கூலி இல்லேன்னு வருசா வருசம் கல்லறையில நின்னு சொல்றீங்களே. போன மாசம் தம்பிக்குக் காய்ச்சல்னு மூணு நாள் கூலியைப் பிடிச்சீங்களே, அது என்ன மழை?”

என்னிடம் பதில் இல்லை மச்சான். அவன் கிளினிக் சீட்டு கொண்டுவந்து கல்லாவில் வைத்தான். சீட்டு இருந்தால் சட்டப்படியே பிடிக்கக் கூடாது, எனக்கும் தெரியும். 173 வெள்ளி. அதைப் பிடித்த பிறகுதான் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசினேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

மறுநாள் காசைக் கொடுத்தேன். “எதுக்கு முதலாளி?” என்று கேட்டான். காய்ச்சல் காசு என்றேன். எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோசைக் கல்லுக்குப் போய்விட்டான். அழுவான், கையைப் பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பார், நமக்கு எவ்வளவு கொழுப்பு!

ஆகஸ்டிலிருந்து இரண்டு பேருக்கும் 1,700. சைவச் சாப்பாட்டில் 50 சென் ஏற்றினேன். எப்போதும் மூலை மேசையில் உட்காரும் பழைய தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) கோபித்துக்கொண்டு ஒரு மாதம் எதிர்க் கடைக்குப் போனார். ரசம் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி இரண்டு விழுக்காடு சேமநிதி கட்ட வேண்டும். அது 34 வெள்ளி. முணுமுணுக்காமல் கட்டினேன் என்றால் பொய். வாயை மூடிக்கொண்டு கட்டினேன்.

பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சாமி கொடுத்த அபராதத்தை உன்னிடம் சொல்ல மாட்டேன், சிரிப்பாய்.

மற்றபடி எல்லோரும் சுகம். மகன் இன்னும் ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு ஓடுகிறான். சின்னப் பேத்திக்கு வரும் வருசம் புதுநன்மை. மானியப் பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு ஊற்ற அடையாள அட்டையை நீட்டச் சொல்கிறார்கள், மாசம் 300 லிட்டர் வரைக்குமாம். என் மோட்டார் சைக்கிளுக்கு அவ்வளவு எதற்கு, குளிக்கவா?

வரும் ஜூலை 26 அன்னம்மாள் திருநாள் ஞாயிற்றுக்கிழமையே விழுகிறது. முதல் நாளே இங்கே வந்துவிடு. காலை கொமுட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்குப் போய்விடலாம், வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். தம்பியும் வருகிறேன் என்கிறான். அவன் முருக பக்தன், ஆனாலும் அந்தக் கோவில் ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். அன்றைக்குக் கடை அடைப்பு. சம்பளம் உண்டு என்று வீட்டுக்காரி இப்போதே அவனிடம் சொல்லிவிட்டாள்.

உன்,
பழைய கூட்டாளி