பொருள்: வெட்டாத பிஎன்ஜிஏஸ் எஃப் கிட் – மாற்றிக் கொடுங்கள், இல்லை பணத்தைத் திருப்புங்கள்

வணக்கமுங்க.

நாமக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்து எழுதுகிறேன். புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியை வெட்டியெடுக்க வேண்டிய பிஎன்ஜிஏஸ் எஃப் என்சைம் கிட், உங்களுடையது, வெட்டவில்லை. இதைப் போனிலும் மெயிலிலும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, ஒவ்வொரு தடவையும் புது ஆள், "முதல்ல இருந்து சொல்லுங்க" என்று ஆரம்பிக்கிறார்.

அதிலும் உங்கள் டெக்னிகல் சப்போர்ட்டில் ஒருவர் இருக்கிறாரே! "ஏனுங்க மேடம், சர்க்கரை தானுங்களே, நல்லா வாஷ் பண்ணினா போயிருமே" என்கிறார். என்சைம் விற்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு! ஜிலேபிப் பாகு மாதிரியா ஒட்டியிருக்கிறது? டோலிகால் என்ற கொழுப்பின் மேல் 14 சர்க்கரையைக் கோத்து, அதை மொத்தமாகத் தூக்கி புரதத்தில் உள்ள ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் சகப்பிணைப்பாக மாட்டுகிறது செல். கழுவினால் போகுமென்றால் உங்கள் கிட்டை நான் எதுக்குங்க வாங்கணும்? இதைக் கேட்டதும் லைனைக் கட் பண்ணிவிட்டார்.

அப்புறம் இன்னொருவர், "உங்க சாம்பிள்ல ஓ-இணைப்பு இருக்கும்." சரி, நைட்ரஜனில் இல்லாமல் ஆக்சிஜன் வழியாக, செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களில் தொங்கும் சர்க்கரையை இந்த என்சைம் தொடாதுதான். என் முட்டை வெள்ளைக்கருவை விடுங்கள், என்சைம் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கிட்டில் நீங்களே வைத்த கண்ட்ரோல் புரதம், ஆர்என்ஏஸ் பி, அதுவும் வெட்டுப்படவில்லையே! அதில் இருப்பது 34-ஆம் இடத்து ஆஸ்பராஜினில், நைட்ரஜன் வழியாக, ஒரே ஒரு என்-இணைப்பு. சர்க்கரை போனால், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 17 கிலோடால்டன் எடையில் இருந்து 14 பக்கம் இறங்க வேண்டிய புரதக் கோடு, அந்த பேண்ட், என்சைம் போட்ட லேனிலும் போடாத லேனிலும் ஒரே உயரத்தில் நிற்கிறது. புரதத்தை விரிக்கப் போடும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு என்சைமை முடக்கும் என்று தெரியாமலா, அதை அடக்க உங்கள் கையேட்டில் போட்ட அளவுக்கே என்பி-40 என்ற இன்னொரு சோப்பைச் சேர்த்தேன்?

"ஜெல்லை நேர்ல காட்டுங்க" என்றீர்கள். டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் சிந்தச் சிந்த, பஸ் மாறி பீளமேடு கிளைக்கு வந்தேன். வரவேற்பில் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சார் திருப்பூர் போயிட்டாருங்க." வரச் சொன்னதே அவர்தான்!

காரணம் உங்களுக்கே தெரியும். மைனஸ் 20-ல் இருக்க வேண்டிய பெட்டி சித்திரை வெயிலில் சனி ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடந்தது, திறந்தால் ஐஸ் பேக் வெதுவெதுவென்று இருந்தது. அன்றைக்கே போட்டோ அனுப்பினேன், பதிலே இல்லை.

என் பிஎச்டியே நாசமாகிவிட்டது, லட்சக்கணக்கில் நஷ்டஈடு கேட்டாலும் தகும். அதெல்லாம் வேண்டாமுங்க, புது லாட்டில் ஒரு கிட் அனுப்புங்கள், போதும். இந்த வாரமும் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன், எங்கள் கல்லூரிக் கொள்முதல் பட்டியலில் இருந்து உங்கள் பெயரையும் எடுக்கச் சொல்வேன். அனுப்பினால் திங்கட்கிழமை அனுப்புங்கள், தயவுசெய்து வெள்ளிக்கிழமை வேண்டாம்.