சைலன்சரைக் கழற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் டெல்டா மாவட்டங்களில் பழைய மரம் அறுக்கும் மெஷின்கள் கைமாறத் தொடங்கிவிடுகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் சாய்ந்த தென்னைகளை அகற்ற ஏராளமான மெஷின்கள் இறங்கின. அப்படி வாங்கியவற்றையும் அதன்பின் வந்தவற்றையும் ‘குறைவாக ஓடியது, நல்ல கண்டிஷன்’ என்று சொல்லி வரி விளம்பரத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிகள், இல்லையென்றால் கூலிக்கு மரம் அறுக்கும் தொழிலாளர்கள். விற்கிறவர் கயிற்றை இழுப்பார், மெஷின் ஸ்டார்ட் ஆகும், இரண்டு முறை ஆக்சிலேட்டரை அழுத்திக் காட்டுவார், பணம் கைமாறிவிடும். ஒரு மாதத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றால் கேட்க ஆள் இருக்காது. தனியாரிடம் வாங்கும் பொருளுக்கு வாரண்டி ஏது?

ஸ்டார்ட் ஆவதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பாதி ஆயுள் போன பிஸ்டனும் ஸ்டார்ட் ஆகும். சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்ப்பதுதான் சரியான சோதனை. அதற்குப் பத்து நிமிடம் போதும், மெக்கானிக் தேவையில்லை.

போவதற்கு முன் போனிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும்.” போனதும் முதலில் சைலன்சர் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே படாதபாடுபட்டு ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். முழுதாக ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கையோடு எடுத்துப் போக வேண்டியவை: 19க்கு 13 காம்பினேஷன் ஸ்பேனர் (பிளக்கும், செயின் ஓடும் தகடான ‘பார்’ நட்டும் இதிலேயே கழலும்), ஸ்டில், ஹஸ்க்வர்னா கம்பெனி மெஷின்களுக்கு டி27 நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், ஒரு சிறு டார்ச், பழந்துணி.

சைலன்சர் பெரும்பாலான மாடல்களில் இரண்டு மூன்று போல்ட்டில்தான் நிற்கும். அதை எடுத்தால் சிலிண்டரின் புகை வாய் தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தால் பிஸ்டன் அந்த வாயின் வழியே ஏறி இறங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பிஸ்டனின் பக்கவாட்டில் கம்பெனியில் கடைந்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருக்கும். மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும்படி கீறல் விழுந்திருந்தால், ரிங் அலுமினியத்தில் அப்பிப்போய்க் காடியில் அசையாமல் இருந்தால், அந்த மெஷின் ஏற்கெனவே ஒருமுறை பிடித்திருக்கிறது. கீறல் எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். புகை வாய்ப் பக்கம் மட்டும் கீறியிருந்தால் சூடு: பெட்ரோல் போதாமல், காற்று அதிகமாகி ஓடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் என்றால் பில்டர் வழியே தூசி போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலில் ஓட்டியிருக்கிறார்கள்.

வெளியே உடம்பெல்லாம் தேய்ந்து பழசாக இருந்து, உள்ளே பிஸ்டன் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். முதல் பிஸ்டன் ஏன் போனது என்று கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் பிஸ்டன் கிட் மட்டும் மாற்றியிருந்தால் அதே காரணம் புதிய பிஸ்டனையும் தின்றுவிடும்.

பிளக் துளையில் மாட்டி சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் நல்லது. சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியபடி முள் நிற்கும்வரை ஐந்தாறு முறை இழுங்கள். 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் திடமான மெஷின். 120க்குக் கீழே என்றால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டது. டீகம்ப்ரஷன் பட்டன் (இழுக்க எளிதாக அழுத்தத்தைக் குறைப்பது) உள்ள மாடலில் அது மேலே எழுந்து மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். பைக்குக்கு விற்கும் மலிவான கேஜில் வால்வு ஹோஸின் மறுமுனையில் இருக்கும். அந்த ஹோஸுக்குள் அடைபடும் காற்றே இவ்வளவு சின்ன சிலிண்டருக்குப் பெரிய அளவு, நல்ல மெஷினையும் மோசம் என்று காட்டும். வால்வு பிளக் மாட்டும் முனையிலேயே உள்ள கேஜ்தான் சரி.

கேஜ் இல்லையென்றால் பிளக்கைத் திரும்ப மாட்டி, சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தரையிலிருந்து தூக்குங்கள். நல்ல மெஷின் கயிற்றில் தொங்கி, விட்டு விட்டு மெல்ல இறங்கும். தேய்ந்தது சர்ரென்று இறங்கிவிடும். ஸ்பிரிங் உதவியோடு ஸ்டார்ட் ஆகும் மாடல்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். அதேபோல, பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கம்ப்ரஷனைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும் தந்திரமும் உண்டு. பிளக் ஆயிலில் குளித்து வந்தாலோ, ஓடத் தொடங்கியதும் சில நிமிடம் நீலப்புகை கக்கினாலோ சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் பார்த்தபின் மாட்டி ஓட்டுங்கள். குளிர்ந்த மெஷின் முழு சோக்கில் மூன்று முதல் ஐந்து இழுப்புக்குள் ஒருமுறை இருமும். சோக்கைப் பாதிக்குத் தள்ளினால் அடுத்த இரண்டு மூன்று இழுப்பில் ஓட வேண்டும். பிறகு ஐடிலிங்கில் விட்டு, மெஷினை முன்னும் பின்னும், இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். எப்படிச் சாய்த்தாலும் ஓட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும். சாய்க்கும்போது தானாக வேகம் ஏறினாலும், ஆக்சிலேட்டரை விட்டபின் சத்தம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே போனாலும், கிராங்க் ஆயில் சீலிலோ கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயிலோ காற்று கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசியும் காற்று பெட்ரோல் கலவையை நீர்க்கச் செய்யும், அந்தக் கலவையோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடிக்கும். பெரும்பாலான மெஷின்களின் சாவு இப்படித்தான் வருகிறது.

விற்கும்போது நடக்கும் இன்னொரு வேலை: முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவை மாற்றும் கார்புரேட்டரின் எச் ஸ்க்ரூவை உள்ளே திருகி வைப்பார்கள். பெட்ரோல் குறைந்து மெஷின் வீறிட்டுக் கத்தும். வாங்குகிறவர் ‘நல்ல பவர்’ என்று நினைப்பார். சரியாக டியூன் செய்த மெஷின் சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் தெளிவாக இருக்காது, கொஞ்சம் உளறும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்த உளறல் மறைந்து சுத்தமாகும். காற்றில் ஓட்டும்போதே கூர்மையாக, சுத்தமாகக் கத்தினால் அது பிஸ்டன் பிடிப்பதற்கு முந்தைய சத்தம். சில சின்ன மாடல்களில் எச் ஸ்க்ரூவே கிடையாது, அங்கே இந்தக் கவலை இல்லை.

ஒரு கட்டையைப் பத்து நிமிடமாவது அறுத்துவிட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்தால், இக்னிஷன் காயில் சூடேறியதும் ஸ்பார்க்கைக் கைவிடுகிறது, இல்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலையும் இரண்டு சொட்டு விரலில் தேய்த்துப் பாருங்கள். வெறும் பெட்ரோல் ஆவியாகித் தோல் வறண்டுபோகும், ஆயில் கலந்ததென்றால் வழவழப்பு மிஞ்சும். என்ன அளவில் கலக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். ஸ்டில் கையேட்டின்படி அவர்களுடைய சொந்த ஆயில் என்றால் 50க்கு 1, மற்ற டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 25க்கு 1. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு முதலாவது 100 மில்லி, இரண்டாவது 200 மில்லி. ‘கண் மதிப்பில் ஊற்றுவேன்’ என்கிற பதிலும், பைக் இன்ஜின் ஆயிலை ஊற்றுவேன் என்கிற பதிலும் அந்த மெஷினின் வரலாற்றைச் சொல்லிவிடும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அப்படியே மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் பில்டர் கிடப்பதும் அடியில்தான் என்பதால் ஆயிலே இல்லாத திரவம் இன்ஜினுக்குப் போகும். பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் டயாஃபிரமும் இதில் பிசுபிசுத்தோ விறைத்தோ போகும். ஆறு மாதம் சும்மா கிடந்த மெஷினுக்கு இந்தச் செலவு உறுதி.

பார், செயின் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், இவை மாற்றக்கூடியவை. செயினைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், பாரின் காடியில் லொடலொடவென்று ஆடினால் பார் விரிந்துவிட்டது. செயின் பல்லின் மேற்பகுதி 4 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அரம் போட இடமில்லை. செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதிய செயினையும் கெடுத்துவிடும். செயினுக்கு ஆயில் வருகிறதா என்பதை மட்டும் அங்கேயே பார்த்துவிடுங்கள்: பார் நுனியைக் காய்ந்த அட்டைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாதி வேகத்தில் ஓட்டினால் அட்டையில் ஆயில் கோடு தெறிக்க வேண்டும். நம் ஊரில் செலவு மிச்சம் என்று பழைய கறுப்பு இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உலோகத் துகள்கள் பம்பை அடைக்கும், தோலுக்கும் கேடு.

செயின் பிரேக் விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் அறுப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும் அந்தத் துள்ளலுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருப்பது அந்த பிரேக் ஒன்றுதான். பாதி வேகத்தில் ஓடும்போது இடது மணிக்கட்டால் முன் தடுப்பை முன்னே தள்ளுங்கள், செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். அடுத்து, இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, பார் நுனி ஒரு மரக்கட்டைக்கு ஒன்றரை அடி மேலே இருக்கும்படி பின் கைப்பிடியில் மட்டும் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தைத் தானாக விழ விடுங்கள். நுனி கட்டையில் மோதிய அதிர்வில் பிரேக் தானாக விழ வேண்டும். உள்ளே பிரேக் பட்டை கழற்றப்பட்டு, தடுப்பு மட்டும் அலங்காரத்துக்கு நிற்கும் மெஷின்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. ஐடிலிங்கில் செயின் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். பாருக்கு அடியில் செயின் அறுந்தால் பிடிக்கும் சிறிய கொக்கி உடைந்திருந்தால் அது மலிவான பாகம், உடனே மாட்டுங்கள்.

ஸ்டில்லின் பழைய 070 மாடல் போன்ற பெரிய மெஷின்களில் பிரேக்கே கிடையாது. அதன் பெயரில் போலிகளும் ஏராளமாக வருகின்றன. ஸ்டில்லின் அசல் மெஷினில் 9 இலக்கத் தொடர் எண் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்டிக்கர் மட்டும் இருந்து உடம்பில் எண் இல்லாவிட்டாலோ, எண்ணை அரம் போட்டு அழித்திருந்தாலோ வாங்காதீர்கள். எண் அழிந்த மெஷின் போலியாக இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். மாடல், தொடர் எண், தொகை, தேதி எழுதி, விற்பவரின் கையொப்பமும் ஆதார் நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரி விளம்பரத்தில் ‘நல்ல கண்டிஷன்’ என்பதற்குப் பதில் மாடல் பெயரையும் வாங்கிய ஆண்டையும் கட்டாயமாக்க ஆசிரியர் குழு பரிசீலித்தால் வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

விலை பேசுவதற்கு முந்தைய நாளே உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் அந்த மாடலுக்குப் பிஸ்டன் கிட், இரண்டு ஆயில் சீல், கார்புரேட்டர் ரிப்பேர் கிட், பார், செயின், ஸ்ப்ராக்கெட் விலையை விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். தேய்ந்திருப்பதை நேரில் பார்த்ததும் அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள். பாகமே கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஆண்டுக்குச் சில நாள் மட்டை கழிக்கவும் வேலிமரம் அறுக்கவும் 30 சிசி போதும். தென்னை அடிமரத்துக்கு 45 முதல் 60 சிசி தேவை. சின்ன இன்ஜினில் நீளமான பாரை மாட்டி விற்கிறார்கள், அது பார்வைக்குத்தான்.

வாங்கி வந்ததும் டேங்கில் இருப்பதைக் கொட்டிவிட்டு, பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பில்டர், பிளக், ஏர் பில்டர் நான்கையும் புதிதாக மாட்டுங்கள். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவில் இறுகிக் கிடக்கும் தென்னை நார்த்தூளைக் குச்சியால் சுரண்டி எடுங்கள், அந்த அடைப்பே பாதி சூட்டுக்குக் காரணம். பிறகு புதுக் கலவை ஊற்றி ஒரு டேங்க் முழுவதும் ஓட்டுங்கள். பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் ஏறத்தாழ தீர்ந்திருக்க வேண்டும். ஆயில் டேங்க் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் வேலையைத் தொடராமல் பம்பைக் கழற்றுங்கள்.

இப்படிக்கு,
சிறு இன்ஜின் மெக்கானிக்,
பட்டுக்கோட்டை.